ட்ரக் ஓட வந்தவர்களுக்கு: வருத்தம் வந்தால் கம்பனியிடம் எவ்வளவு சொல்வது?

ஒன்ராறியோவுக்கு வந்து ஏ-இசட் என்கிற பெரிய ட்ரக் லைசன்ஸ் எடுத்து ட்ரக் ஓடத் தொடங்கியவர்களுக்கும் தொடங்க இருப்பவர்களுக்கும் இது. லோட், மைல், சம்பளம் பற்றிச் சொல்லித்தர ஸ்காபரோவில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் சீனி வருத்தம், வலிப்பு, நெஞ்சு வருத்தம், நித்திரையில் மூச்சடைப்பு என்று ஏதாவது வந்துவிட்டது, கம்பனிக்குச் சொல்வதா விடுவதா என்று கேட்டுப்பாருங்கள், எல்லாரும் ஒரே பதில்தான்: "வாயைத் திறக்காதை, வேலை போயிடும்." அதில் அரைவாசி சரி. மற்ற அரைவாசியை நம்பினால் வேலையோடு லைசன்ஸும் போகும்.

லைசன்ஸும் வேலையும் இரண்டு தனி விசயங்கள். லைசன்ஸ் எம்.ரி.ஓ. என்கிற மாகாணப் போக்குவரத்து அமைச்சின் கையில். வாகனம் ஓட்டுவதைப் பாதிக்கும் சில கடுமையான நிலைமைகளைக் கண்டால் அதை அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும் என்பது டொக்டருக்குச் சட்டக் கடமை. திடீரென்று நினைவு தப்புவது, பார்வைக் குறைபாடு, ஞாபகமும் புத்தியும் மங்குவது, கை கால் இயங்காமை, கடுமையான மனநோய், போதைப் பழக்கம், இவை அந்தப் பட்டியலில் வருகின்றன (2018 ஜூலையில் இருந்து நடைமுறையில் இருப்பது). நீங்கள் சம்மதிக்கவில்லை என்று அவர் விடமுடியாது. அமைச்சு லைசன்ஸை நிறுத்தலாம், அல்லது கார் ஓடும் ஜி வகுப்புக்கு இறக்கலாம். கம்பனிகள் டிரைவர் அப்ஸ்ட்ராக்ட் என்கிற லைசன்ஸ் பதிவு அறிக்கையை எடுத்துப் பார்ப்பது வழக்கம், அதில் வகுப்பு இறங்கியது அப்படியே தெரியும். ஆக முதலாளிக்கு ஒளித்தாலும் விசயம் ஒளிந்திருக்காது.

இதைக் கேட்டவுடன் சிலர் அடுத்த முடிவுக்குப் போவார்கள்: அப்போ டொக்டரிடமும் சொல்லாமல் விடுவோம். தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலான வருத்தங்களில் லைசன்ஸைப் பறிப்பது வருத்தத்தின் பெயர் இல்லை, அது கட்டுப்பாட்டில் இல்லாததுதான். குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவரைப் பாருங்கள். நித்திரைப் பரிசோதனை செய்து, படுக்கும்போது முகமூடி வழியாகக் காற்றுத் தள்ளி மூச்சடைக்காமல் வைக்கும் சீபாப் மெஷின் எடுத்தால் அவர் தொடர்ந்து ஓடலாம். இரவில் குறைந்தது 4 மணி நேரமாவது, 70 சதவீத இரவுகளில் போட்டிருக்கிறார் என்று காட்டினால் போதும் என்பதுதான் பொதுவான அளவுகோல். அந்த மெஷின் எத்தனை மணி நேரம் முகத்தில் இருந்தது என்று தானே பதிந்து வைக்கும், டொக்டர் அந்தப் பதிவை எடுத்துத்தான் பார்ப்பார், "போட்டனான்" என்று வாயால் சொல்லித் தப்பமுடியாது. மாகாணத்தின் உதவிச் சாதனத் திட்டம் அதன் விலையில் 75 சதவீதத்தைத் தரும். ட்ரக்கில் படுப்பவர் என்றால் எஞ்சின் நிற்கும்போது மெஷினுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்று கம்பனியிடம் கேட்டே ஆகவேண்டும். அந்தக் கேள்வியே பலருக்கு முதலாளியோடு கதைக்கும் முதல் சந்தர்ப்பம்.

இன்சுலின் போடுகிறவரும் கனடாவுக்குள் பெரிய வாகனம் ஓடலாம், சீனி அளவைப் பார்த்துக் குறித்து வைத்து, அது திடீரென்று இறங்குவதில்லை என்று காட்டினால். சீனி பார்க்கும் மீற்றரும் ஒரு ஜூஸ் பெட்டியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பின்னால் பெட்டிக்குள் இல்லை. வலிப்பு வேறு கதை. பெரிய வாகனத்துக்கு அது வராமல் வருடக்கணக்கில் இருந்து காட்ட வேண்டும், அதில் பேரம் பேச ஒன்றும் இல்லை.

அமைச்சுக்குக் கொடுக்கும் மருத்துவ அறிக்கை 46 வயதுக்குக் கீழே 5 வருடத்துக்கு ஒருமுறை, 46 முதல் 64 வரை 3 வருடத்துக்கு ஒருமுறை, 65 ஆனால் ஒவ்வொரு வருடமும். படிவம் நிரப்ப டொக்டர் காசு கேட்பார், ஓஹிப் என்கிற மாகாண மருத்துவக் காப்புறுதி அதைத் தராது. நாள் தவறினாலும் வகுப்பு இறங்கும். புதிதாக வந்தவர்கள் மாட்டுப்படுவது பெரும்பாலும் இன்னொரு இடத்தில்: பேஸ்மென்ட் மாறிப் பேஸ்மென்ட் போவோம், அமைச்சின் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், வீட்டுக்காரர் அதை மூலையில் போட்டுவிடுவார், நீங்கள் லைசன்ஸ் நிறுத்தப்பட்டது தெரியாமல் 401 நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். விலாசம் மாறினால் 6 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம், இணையத்திலேயே செய்யலாம்.

எல்லை தாண்டி ஓடுகிறவர்களுக்கு ஒன்று. கனடாவுக்குள் ஓடத் தகுதி இருந்தும் அமெரிக்காவுக்குள் பெரிய வாகனம் ஓட மருத்துவத் தகுதி இல்லை என்றால் லைசன்ஸில் 'டபிள்யூ' குறி விழும். அதோடு பஃபலோ பக்கம் லோட் எடுத்துப் போகமுடியாது. உங்கள் கம்பனியின் ஓட்டம் முழுக்க அமெரிக்கா என்றால் அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

இனி வேலை. முதலாளிக்குத் தெரியவேண்டியது உங்களால் என்ன செய்யமுடியாது, எவ்வளவு காலத்துக்கு என்பதுதான். வருத்தத்தின் பெயரையோ மருந்துப் பட்டியலையோ பொதுவாக அவர் கேட்கமுடியாது. நேர்முகத்தில் "சீனி இருக்கா, பிரஷர் இருக்கா" என்று கேட்பதே தவறு, வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான், அதுவும் அந்த வேலைக்குத் தேவையான அளவுக்குத்தான் மருத்துவ விசயம் கேட்கலாம். ஆகவே டொக்டரிடம் போகும்போது "சுகமில்லை" என்று ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வராதீர்கள். அது யாருக்கும் பிரயோசனமில்லை. இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: இவர் மூன்று மாதத்துக்கு இரவு ஓட்டம் செய்யக்கூடாது, 20 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சாப்பிட வேண்டும், இன்ன திகதியில் திரும்பப் பார்ப்போம். எண்கள் உங்கள் நிலைமையைப் பொறுத்தது. அப்படி ஒரு கடிதம் கையில் இருந்தால் பகல் ஓட்டம், உள்ளூர் ஓட்டம், யார்ட் வேலை என்று கேட்க வாய் வரும். கம்பனிக்கு அளவுக்கு மீறிய கஷ்டம் வராத வரைக்கும் மாற்று ஏற்பாடு செய்துதர வேண்டும் என்பது மனித உரிமைச் சட்டம். நீங்கள் கேட்ட வேலையையே தரவேண்டும் என்று அர்த்தம் இல்லை, அதையும் மனதில் வையுங்கள்.

யாரிடம் கொடுப்பது? லோட் பிரித்து ஓட்டம் கொடுக்கும் டிஸ்பாச்சரிடம் வேண்டாம். எங்கட ஊர்க்காரர், நல்ல மனிசன் என்று நம்பி, "அண்ணை, எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி" என்று போனில் சொன்னால், பத்து நாளில் கோவில் திருவிழாவில் நிற்கிற எல்லாருக்கும் உங்கள் நெஞ்சு தெரிந்திருக்கும். மனிதவளப் பிரிவு அல்லது முதலாளிக்கு ஈமெயிலில் கொடுங்கள், பிரதி ஒன்றை உங்கள் சொந்த ஈமெயிலுக்கும் அனுப்புங்கள்.

ஆனால் ஓட்டத்தின் நடுவில் தலை சுற்றினால் இந்த ஒழுங்கெல்லாம் பார்க்க வேண்டாம். பாதுகாப்பாக ஓரம் கட்டி நிறுத்துங்கள், 911 தேவையென்றால் அடியுங்கள், பிறகு டிஸ்பாச்சருக்கு ஓடமுடியாது என்று மெசேஜ் போடுங்கள். ஓட இயலாத நிலையில் ஓடக்கூடாது, கம்பனி ஓடச் சொல்லவும் கூடாது என்று கனடாவின் ஓட்ட நேர விதிகளிலேயே இருக்கிறது.

மாகாண எல்லையோ நாட்டு எல்லையோ தாண்டி ஓடுகிற கம்பனிகள் மத்திய அரசின் தொழிற்சட்டத்துக்குள் வரும். அதில் வருடத்துக்கு 10 நாள் வரை சம்பளத்துடன் சுகவீன விடுப்பு சேரும், சம்பளமில்லாமல் 27 வாரம் வரை எடுக்கலாம். ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடும் கம்பனி என்றால் மாகாணச் சட்டம்: சம்பளமில்லாமல் 3 நாள், கடுமையான வருத்தத்துக்கு 2025 ஜூனில் இருந்து 27 வாரம் வரை. இரண்டிலும் 600 மணி நேரம் வேலை செய்து ஈ.ஐ. என்கிற மத்திய அரசின் வேலைக் காப்புறுதி கட்டியிருந்தால் 26 வாரம் வரை சுகவீனப் பணம் வரும், ஓர் உச்ச வரம்புக்குள் சம்பளத்தின் 55 சதவீதம்.

இதெல்லாம் சம்பளக்காரருக்கு. பிராம்ப்டன் பக்கத்தில் எத்தனையோ பேர் "உன் பெயரில் ஒரு கம்பனி திற, காசு முழுசா வரும்" என்ற பேச்சை நம்பி, ஒரே முதலாளியின் ட்ரக்கை ஓடிக்கொண்டு இன்வாய்ஸ் அனுப்புகிறார்கள். டிரைவர் இங்க் என்று சொல்வது இதைத்தான். சுகமாக இருக்கும்வரை கை நிறையக் காசுதான். மாரடைப்பு வந்த அன்றைக்கு விளங்கும்: ஈ.ஐ. இல்லை, சுகவீன விடுப்பு இல்லை, வேலைக்காய நட்ட ஈடு தானாக வராது. உண்மையில் ஊழியராக இருப்பவரை இப்படிக் காட்டுவது மத்திய தொழிற்சட்டப்படி தடை, எனவே உரிமை கேட்க வழி உண்டு, ஆனால் வருத்தத்தோடு படுத்துக்கொண்டு அதை நிரூபிப்பது பெரிய பாடு. கையெழுத்து வைக்கும் முன்னாலேயே யோசியுங்கள்.

வேலை போய்விட்டால் காலக்கெடுவைக் கவனியுங்கள். மனித உரிமை முறைப்பாட்டுக்கு, மத்தியோ மாகாணமோ, ஒரு வருடம். மத்திய சட்டத்துக்குள் 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவர் அநியாயமாக நீக்கப்பட்டால் 90 நாள். லைசன்ஸ் நிறுத்தத்துக்கு எதிராக லைசன்ஸ் அப்பீல் ட்ரைபியூனல் என்கிற மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம், ஆனால் பல வேளைகளில் புதிய டொக்டர் அறிக்கை ஒன்றை அமைச்சுக்கு அனுப்புவது அதைவிட விரைவாக வேலை செய்யும். வருமானம் குறைந்தவர்களுக்கு சவுத் ஏசியன் லீகல் கிளினிக் ஒஃப் ஒன்ராறியோ போன்ற இலவசச் சட்ட உதவி நிலையங்கள் இருக்கின்றன. போகும்போது டொக்டர் கடிதம், நீங்கள் அனுப்பிய ஈமெயில், டிஸ்பாச்சரின் மெசேஜ் எல்லாம் திகதியோடு கொண்டுபோங்கள், கம்பனி போனைத் திருப்பிக் கொடுக்க முன்னம் அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.