அல்சாஸில் திராட்சை அறுவடைக்காலம்: முதல்முறை போகிறவர்களுக்கு

பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், வோஸ்ஜ் மலையடிவாரத்தை ஒட்டி சுமார் 170 கிலோமீட்டருக்கு ஓடுகிறது அல்சாஸ் ஒயின் சாலை. 1953 முதல் பயணிகள் வந்து போகிற வழி. ஆனால் அறுவடை வாரங்களில் ஊரே தலைக்கு மேல் வேலையோடு இருக்கும். அவர்கள் வேலையை அனுசரித்துத் திட்டம் போட்டால்தான் கதவுகள் திறக்கும்.

படி 1: வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

மொத்தத் திட்டத்திலும் முக்கியமானது இதுதான். அறுவடை ஒரே மூச்சில் முடிகிற காரியம் இல்லை. க்ரேமான் எனும் நுரைக்கிற ஒயினுக்கான திராட்சையைப் புளிப்பு குறைவதற்குள் பறித்துவிட வேண்டும். அதனால் அது ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ முதலில் வரும். அப்புறம் பினோ, சில்வானர், ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர் என்று மற்ற திராட்சை வகைகள் செப்டம்பர் முழுக்க நீளும். சில குலைகளைக் கொடியிலேயே விட்டுவைத்து, சர்க்கரை ஏறிய பிறகு அக்டோபரிலும், சமயத்தில் நவம்பரிலும் பறிப்பார்கள். மேற்கிலிருந்து வரும் மழையை வோஸ்ஜ் மலை தடுத்துவிடுவதால்தான் இவ்வளவு நாள் காத்திருக்க முடிகிறது. பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் இந்தச் சாலையில் உள்ள கொல்மாரும் ஒன்று.

பறிப்பைப் பார்க்க வேண்டுமா? செப்டம்பர் நடுவிலிருந்து கடைசி வரை. மஞ்சளும் சிவப்புமாக இலை மாறுவதைப் பார்க்க வேண்டுமா? அக்டோபர் நடுப்பகுதி. இரண்டும் வேண்டும் என்றால் அக்டோபர் முதல் வாரம். அது கொஞ்சம் சூதாட்டம்தான், ஏனென்றால் கோடை வெயிலைப் பொறுத்து எல்லாத் தேதியும் முன்னே பின்னே போகும். பார் என்ற சிற்றூரின் அறுவடைத் திருவிழாவும் அக்டோபர் தொடக்கத்தில்தான் வரும். என்னைக் கேட்டால், இலையைவிடப் பறிப்புக்கே முதலிடம்.

படி 2: ஒரே ஊரில் தங்குங்கள்

கொல்மார் போதும். அல்சாஸின் பெரிய நகரமான ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். எகிஷெய்ம், ரிக்விர், கேஸர்ஸ்பெர்க் போன்ற ஒயின் ஊர்கள் எல்லாம் பக்கத்தில்தான். தினம் ஓர் ஊரில் பெட்டியைப் பிரிப்பது வீண் அலைச்சல்.

படி 3: முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்

குடும்பமாக ஒயின் செய்கிற சின்ன நிலவறைகளுக்குச் சில வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணிக்கு: இது போதும். பிரெஞ்சில் நாலு வரி எழுதினால் மரியாதையாக இருக்கும். மதியம் 12 முதல் 2 வரை பல இடங்களில் கதவு சாத்தியிருக்கும், ஞாயிறும் அப்படித்தான். ‘அறுவடை நடக்கிறது, முடியாது’ என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். கூட்டுறவு நிலவறைகளுக்குப் போகலாம். ரிபோவில் என்ற ஊரில் 1895-இல் தொடங்கிய கூட்டுறவுதான் பிரான்ஸிலேயே பழமையானது. ஒரு நாளைக்கு இரண்டு நிலவறைக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் நாக்குக்கு எதுவும் உறைக்காது.

படி 4: தோட்டத்துக்குள் நடங்கள்

ரிக்விரிலிருந்து உனவிர் வழியாக ரிபோவில் வரை கொடிகளுக்கு நடுவே நடக்கலாம், சுமார் 5 கிலோமீட்டர். உனவிரில் மதில் சூழ்ந்த பழைய தேவாலயம் திராட்சைச் சரிவின் மேல் நிற்கிறது. காலையில் பனி ஈரம் இருக்கும், நல்ல பிடிமானமுள்ள காலணி போடுங்கள்.

வரிசையின் இரு பக்கமும் ஆட்கள் எதிரெதிரே குனிந்து நகர்வார்கள். ஒரு கை இலையை ஒதுக்கும், இன்னொரு கை கத்தரியால் காம்பை வெட்டும். அழுகிய மணிகளை அங்கேயே கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் குலை வாளிக்குள் போகும். க்ரேமானுக்குக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. மற்ற பல ஒயின்களுக்கு இயந்திரமும் ஓடுகிறது.

அறுவடை நேரத்தில் பல ஊர்களில் குறியிட்ட பாதையைத் தவிர மற்ற இடங்களில் நடக்கத் தடை போடுவார்கள், பலகையைப் பாருங்கள். டிராக்டர் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். ஒரு குலைகூடப் பறிக்காதீர்கள். நீங்களும் பறித்துப் பார்க்க ஆசையா? அங்கே பறிப்பது சட்டப்படி கூலி வேலை, சும்மா போய் நிற்க முடியாது. பயணிகளுக்கென்று கட்டணம் வாங்கிக்கொண்டு ‘ஒரு நாள் அறுவடை’ நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் முன்பதிவு செய்யுங்கள்.

படி 5: நிலவறையில்

அழைக்காமல் உள்ளே நுழையாதீர்கள். சாறு நொதிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், ஆளையே சாய்த்துவிடும்.

ருசி பார்க்கையில் இனிப்பில்லாததில் தொடங்கி இனிப்புக்குப் போங்கள். முதலில் இனிப்பைக் குடித்துவிட்டால் அடுத்து வரும் ரீஸ்லிங் வெறும் புளிப்பாகத்தான் தெரியும். 2021 அறுவடையிலிருந்து லேபிளிலேயே இனிப்பின் அளவு எழுதியிருக்கும்: செக் என்றால் இனிப்பில்லாதது, அப்புறம் டெமி-செக், ம்வல்லு, டூ என்று ஏறிக்கொண்டே போகும். கெவுர்ஸ்ட்ராமினரைக் குடிக்கும் முன் ஒரு நிமிடம் மோந்து பாருங்கள், லிச்சியும் ரோஜாவும் தெரியும். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் துப்பலாம். இலவசமாக ருசிக்கக் கொடுத்த இடத்தில் ஒரு பாட்டிலாவது வாங்குவது நல்ல பழக்கம்.

படி 6: வண்டி

ஓட்டுகிறவர் துப்பித்தான் ஆக வேண்டும். பிரான்ஸில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2. சைக்கிள் என்றாலும் விடமாட்டார்கள்.

படி 7: புது ஒயின்

இந்தப் பருவத்தில் மட்டும் கிடைப்பது, பாதி நொதித்த கலங்கலான சாறு. வால்நட்டும் வெங்காய டார்ட்டும் கூட வைத்துச் சாப்பிடுவார்கள். சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இறங்கும், ஆனால் போதை உண்டு. பாட்டிலுக்குள் இன்னும் வாயு கிளம்பிக்கொண்டிருப்பதால் மூடியை இறுக்கமாகப் போடமாட்டார்கள். படுக்க வைத்தால் ஒழுகும், இறுக்கி மூடினால் வெடிக்கலாம். அதை அங்கேயே குடித்து முடியுங்கள். ஊருக்குக் கொண்டுபோக நன்றாக மூடிய ஒயின் பாட்டில்களை வாங்கி, துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள். கைப்பையில் விடமாட்டார்கள்.