ஒரே குளம், ஒரே நோட்டு

கஜா புயல் 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அதற்கு அடுத்த கோடையில் எங்கள் சின்ன அறக்கட்டளையும் ஒரு விவசாயிகள் சங்கமும் சேர்ந்து, பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஒரு குளம் தூர்வாரினோம். முடிந்ததும் ஆளுக்கொரு அறிக்கை. இரண்டிலும் அதே நாற்பது குடும்பங்கள். சேர்த்துப் படித்தவர் எண்பது என்று எழுதிக்கொண்டார்!

அதிலிருந்து கூட்டு வேலையின் பலனைக் கணக்கெடுக்க இரு தரப்புக்கும் ஒரே நோட்டுதான். குடும்பத் தலைவர் பெயர், தெரு, வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால். ஒரு குடும்பம், ஒரு வரி.

வேலை தொடங்கும் முன்பே அளக்க வேண்டும். படித்துறையில் பெயிண்டால் சாண் சாணாகக் கோடு போடுங்கள். திங்கட்கிழமைதோறும் எந்தக் கோடு வரை தண்ணீர், அடிபம்பில் உப்புக் கரிக்கிறதா என்று மகளிர் குழுவில் ஒருவர் எழுதட்டும். தூர்வாராத பக்கத்து ஊர்க் குளத்திலும் இதையே செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த வருடம் இரண்டு குளமும்தான் நிரம்பும். அந்தப் பெருமை மழைக்கு, நமக்கில்லை.

சரி, சேர்ந்ததால் என்ன கூடியது? இரு தரப்பையும் தனித்தனியே உட்காரவைத்து, “அவர்கள் இல்லாவிட்டால் எது நடந்திருக்காது?” என்று கேளுங்கள். சங்கத்தார் “வீடு வீடாகப் போய்ப் பேசியது” என்றார்கள். நாங்கள் “டிராக்டர்” என்றோம். அப்புறம் கூட்டங்களில் போன நாட்களையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். எங்களுக்கு அது பதினோரு நாள், டீச்செலவு தனி.