நொதி செத்ததற்குச் சூடு மட்டும்தான் காரணமா?

பப்பாளிப் பாலில் கிடைக்கும் பப்பாயினோ, ஹார்ஸ்ராடிஷ் என்ற செடியின் வேரில் கிடைக்கும் பெராக்சிடேஸோ, எந்த நொதியானாலும் வினை பாதியில் நின்றால் எல்லோரும் முதலில் பார்ப்பது வெப்பமானியைத்தான். நான் பார்த்த வரையில் கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

பெராக்சிடேஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குவையகால் என்ற, வினை நடந்தால் நிறம் காட்டும் பொருளின் கரைசலில் நொதியைக் கலந்து ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் செம்பழுப்பு நிறம் ஏறும். அவசரப்பட்டு பெராக்சைடு முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றினால், நிறம் மளமளவென்று ஏறி அப்படியே நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் பெராக்சைடு விட்டாலும் மாறாது. ஒரு சொட்டுப் புது நொதி விட்டதும் மறுபடி ஏறும். வினைக்கு வேண்டிய பெராக்சைடே அளவு மீறி, நொதியில் வினை நடக்கும் இடமான, இரும்பு அடங்கிய ஹீம் பகுதியைக் கெடுத்துவிட்டது. பெராக்சைடை மெதுவாக, சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். சீரான வேகத்தில் மெதுவாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் இருந்தால் ரொம்ப நல்லது.

பப்பாயின் விஷயம் வேறு. அதன் உயிர்நாடி 25-ஆவது அமினோ அமிலமான சிஸ்டீனில் உள்ள கந்தகம். காற்று பட்டாலும் உலோக அயனிகள் சேர்ந்தாலும் அது முடங்கிவிடும். இரும்புப் பாத்திரத்தில் பாலைப் பிடிக்காதீர்கள் என்று பப்பாளி விவசாயிகளுக்குச் சொல்வது இதனால்தான். தவறு மரத்தடியிலேயே தொடங்கிவிடுகிறது. வினைக்குச் சற்று முன்பு சிஸ்டீனும், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ.வும் சேர்த்தால் நொதி விழித்துக்கொள்ளும். ஆனால் கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்போனிக் அமிலம் வரை போய்விட்டால் மீட்க வழியே இல்லை. முதல் நாளே விழிக்கவைத்துக் கரைசலாக வைப்பதும் தவறுதான். பப்பாயின் புரதத்தை வெட்டும் நொதி, தன்னையும் வெட்டிக்கொள்ளும்.

சரி, அதே இ.டி.டி.ஏ.வைப் பழக்கதோஷத்தில் பெராக்சிடேஸிலும் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த நொதியின் கட்டமைப்பைத் தாங்குவது இரண்டு கால்சிய அயனிகள். அவை பிடுங்கப்பட்டால் வெப்பத்தைத் தாங்கும் திறன் குறைந்துவிடும்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பப்பாயினுக்கு உகந்த வெப்பம் 65 டிகிரி செல்சியஸ் என்று படித்திருப்பீர்கள். அது சில நிமிடச் சோதனையில் கிடைக்கும் எண். இரவு முழுக்க ஓடும் வினைக்கு அதையே வைத்தால் காலையில் நொதி மிஞ்சாது. வினைபடுபொருள் சேர்க்காத நொதியை அதே கரைசலில், அதே சூட்டில் தனியாக வைத்து, 1, 4, 24 மணி நேரத்தில் அளந்து பாருங்கள். உங்களுக்கு வேண்டிய எண் அதுதான்.

வினையைக் கரிமக் கரைப்பானில் செய்வதானால் மெத்தனால், டி.எம்.எஃப். (டைமெத்தில்ஃபார்மமைடு) போன்றவை நொதியைச் சுற்றியுள்ள நீரை உருவிவிடும்; டொலுயீன் அவ்வளவு கெடுக்காது.

கடைசியாக ஃப்ரீசர். பி.எச்.சை (அமிலத்தன்மையின் அளவை) நிலையாக வைக்கும் சோடியம் பாஸ்பேட் பஃபர் கரைசலை உறைய வைத்தால் அதன் ஒரு உப்பு முதலில் படிகமாகி, 7-இல் இருந்த பி.எச். 4-ஐ ஒட்டி இறங்கிவிடும். பொட்டாசியம் பாஸ்பேட்டில் இந்தச் சரிவு மிகக் குறைவு. சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து உறைய வைத்து, ஒரு தடவை உருகியதை அன்றே பயன்படுத்துங்கள்.