வெப்ப ஊரில் கோதுமை பீருக்கு ஈஸ்ட் பெருக்கும் முறை

மலேசியாவின் பீடோர் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் கோதுமை பீர் வடிக்க விரும்புபவருக்கு மால்ட்டும் (முளைக்கவைத்து உலர்த்திய தானியம்) ஹாப்ஸும் (கசப்புக்குச் சேர்க்கும் பூ) பெரிய சிக்கலல்ல. அவை காய்ந்த சரக்குகள், வண்டியில் சூடுபட்டாலும் அவ்வளவாகக் கெடுவதில்லை. சிக்கல் ஈஸ்ட்டில்தான் இருக்கிறது. திரவ ஈஸ்ட் கூரியர் வண்டியிலும் கிடங்கிலும் முப்பது பாகை வெப்பத்தில் ஓரிரு நாள் கிடந்து, பனிக்கட்டிப் பை வெந்நீர்ப் பையாக மாறிய பிறகே கைக்கு வந்துசேர்கிறது. புதிதாக அடைத்த பொட்டலமொன்றில் ஏறத்தாழ 10,000 கோடி உயிரணுக்கள் இருக்கும். குளிரில் வைத்தாலே அவற்றில் மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு இறந்துபோகும் என்பது வடிப்பவர்களிடையே புழங்கும் கணக்கு. வெயிலில் அந்த இழப்பு இன்னும் வேகமாகும். ஆகவே ஸ்டார்ட்டர், அதாவது பீரில் இடுமுன் ஈஸ்ட்டைச் சிறிதளவு மால்ட் நீரில் வளர்த்துப் பெருக்கிய கரைசல், இல்லாமலே குளிர்நாட்டில் சிலர் சமாளித்துவிடலாம். நம் ஊரில் அது பீர் வடிப்பின் முதல் வேலை.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் மதுபானத் தயாரிப்பு 1976ஆம் ஆண்டின் கலால் சட்டத்துக்கு உட்பட்டது; உரிமம் பற்றிச் சுங்கத் துறையிடம் கேட்டுத் தெளிந்த பிறகே வடிக்கும் வேலையில் இறங்க வேண்டும்.

எந்த ஈஸ்ட் என்பதில் குழப்பம் வேண்டாம். பவேரியக் கோதுமை பீரின் வாழைப்பழ மணம் ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டரால் வருவது. கிராம்பு மணம் 4-வைனைல் குவையகோல் என்ற பொருளால் வருவது. இவ்விரண்டையும் தாராளமாகத் தரும் தனி வகை ஈஸ்ட்டுகள் உள்ளன. வையீஸ்ட் 3068, ஒயிட் லேப்ஸின் டபிள்யூஎல்பி300 ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. மளிகைக் கடையில் கிடைக்கும் ரொட்டி ஈஸ்ட்டும் சர்க்கரையைச் சாராயமாக்கும்; ஆனால் அதிலிருந்து இந்த வகையின் சுவையை எதிர்பார்க்க முடியாது. தாப்பாய் என்ற புளிக்கவைத்த அரிசிப் பண்டம் செய்யப் பயன்படும் ‘ராகி’ (கேழ்வரகு அல்ல) என்ற புளிப்பு வில்லையோ பூஞ்சையும் ஈஸ்ட்டும் கலந்தது. அது வேறு வேலைக்கானது. காய்ந்த பீர் ஈஸ்ட் வாங்கியிருந்தால் ஸ்டார்ட்டரே தேவையில்லை. பொட்டலத்தில் சொன்னபடி இட்டால் போதும்.

இனி அளவு. இருபது லிட்டர் பீருக்கு, அதுவும் 12 பாகை பிளேட்டோ அடர்த்தியுள்ள (எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு பங்கு சர்க்கரை கரைந்த) மால்ட் நீருக்கு, ஏல் (சற்று வெப்பமான நிலையில் புளிக்கும் பீர்) வகைக்கான வழக்கமான கணக்கு ஏறத்தாழ 18,000 கோடி உயிரணுக்கள் என்று வரும். கோதுமை பீர் வடிப்பவர்களில் பலர் இதில் மூன்றில் இரண்டு பங்கோடு, அதாவது சுமார் 12,000 கோடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஈஸ்ட் பெருகவேண்டிய கட்டாயம் இருக்கும்போதுதான் வாழைப்பழ மணம் கூடுகிறது என்பது அவர்கள் அனுபவம். என் கருத்தும் அதுவே. வெப்பத்தில் அடிபட்ட பொட்டலத்தில் 7,000 கோடி உயிரணுக்கள் எஞ்சியிருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் ஸ்டார்ட்டரை அவ்வப்போது கையால் சுழற்றிவிட்டாலே நமக்கு வேண்டிய எண்ணிக்கையை நெருங்கிவிடலாம். பழைய கணினி விசிறியில் காந்தம் ஒட்டிச் செய்யும் கலக்கிப் பலகை வேறு பீர்களுக்கு நல்ல துணை; இந்த பீருக்கு அது தேவைக்கு மேல் பெருக்கிவிடும்.

பாத்திரங்களை முதலில் சோப்பால் கழுவி, பிறகு ஸ்டார் சான் அல்லது ஐயோடோஃபோர் என்ற கிருமிநீக்கிக் கரைசலில் நனைத்து எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் கிருமிநீக்கி வேலை செய்யாது என்பதால் இந்த வரிசையை மாற்றக்கூடாது. நூறு கிராம் மால்ட் சாறுத் தூளைச் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நீர் சேர்த்து, நான்கு லிட்டர் எவர்சில்வர் பானையில் கொதிக்கவிடுங்கள். பார்லித் தூளே போதும். கோதுமைத் தூள் இன்னும் அதிகமாக நுரைக்கும். மைலோ டின்னைத் திறந்து அதிலும் மால்ட் உண்டே என்று யோசிப்பவர்கள் உண்டு. அதில் கொக்கோவும் பாலும் சேர்ந்திருப்பதால் அதைக் குடிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கொதி ஏறும்போது பழுப்பு நுரை ஒரே மூச்சில் விளிம்புவரை எழும். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகரவே கூடாது. ஈஸ்ட்டுக்கான சத்துத் தூள் இருந்தால் ஒரு சிட்டிகை சேர்த்து, பதினைந்து நிமிடம் கொதித்தபின் இறக்குங்கள். ஆறிய நீரை அடர்த்திமானியில் பார்த்தால் 1.035க்கும் 1.040க்கும் இடையில் காட்ட வேண்டும். பெரும்பாலான மானிகள் 20 பாகைக்கு அளவிடப்பட்டவை; நம் வீட்டு 30 பாகையில் அவை சற்றுக் குறைத்தே காட்டும் என்பதால் 0.002 அல்லது 0.003 கூட்டிக்கொள்ள வேண்டும். அளந்து பார்த்த நீரைத் திரும்பப் பானையில் ஊற்றாமல் கொட்டிவிடுங்கள்.

பானையை மூடியோடு பனிக்கட்டி நீரில் வைத்து 25 பாகைக்குக் குளிர்வித்து, இரண்டு லிட்டர் கொள்ளும் கூம்புக் குடுவையில் ஊற்ற வேண்டும். கோதுமை ஈஸ்ட் நுரையைப் பொங்கித் தள்ளும் இயல்புடையதால் பாதிக் குடுவை காலியாக இருப்பது அவசியம். கத்தரிக்கோலையும் பொட்டலத்தின் வாயையும் கிருமிநீக்கியால் துடைத்துவிட்டு ஈஸ்ட்டைச் சேர்த்து, நுரை எழும்வரை நன்றாகக் குலுக்குங்கள். உயிரணுக்கள் தங்கள் சவ்வுகளைக் கட்டிக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். வாயை இறுக்காமல், கிருமிநீக்கி தெளித்த அலுமினியத் தாளால் மூடினால் போதும். காற்று உள்ளே போகவும் வாயு வெளியே வரவும் வழியிருக்கும். பழ ஈயும் நுழையாது. அந்த ஈதான் புளிக்காடியாக்கும் பாக்டீரியாவை ஊர் ஊராகச் சுமப்பது. மால்ட் வாசனைக்கு எறும்புச் சாரை வராமல் இருக்காது; குடுவையை நீர் ஊற்றிய தட்டின் நடுவே வைத்தால் எறும்பும் ஏறாது, குடுவையும் கொஞ்சம் குளிரும்.

கள்ளுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாதே என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் காட்டு ஈஸ்ட்டே சில மணி நேரத்தில் தென்னம்பாளைச் சாற்றைப் புளிக்கவைத்துவிடுகிறது, அந்தக் கலவைச் சுவைதான் கள்ளின் சுவை. பீரில் ஒரே வகையின் சுவையை வேண்டுகிறோம் என்பதால், கள் இறக்கும் ஊரில் காற்றில் மிதக்கும் அந்தக் கூட்டத்தை வெளியே நிறுத்துவதற்காகவே இத்தனை மூடலும் துடைப்பும்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குடுவையை ஒருமுறை சுழற்றிவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தேநீர் நிறத்திலிருந்த நீர் பால் கலந்ததுபோல் மங்கி, மேலே வெண்ணிற நுரை படியும். புதிய ரொட்டி மணமும் வாழைப்பழ மணமும் வரலாம். இந்த வகையில் இலேசான கந்தக நெடியும் இயல்பானதே. ஆனால் மேலே ஏடுபோல் சுருங்கிய படலமோ, காடி வாசனையோ, நகப்பூச்சு நெடியோ தெரிந்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். நூறு கிராம் மால்ட்டைக் காப்பாற்றப்போய் இருபது லிட்டரை இழப்பது புத்திசாலித்தனமல்ல.

பல பீர்களுக்கு ஸ்டார்ட்டரைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஈஸ்ட் அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்துவிடச் சொல்வார்கள். கோதுமை ஈஸ்ட் எளிதில் படியாத வகை. வடிக்கும் நீரோடு நல்ல ஈஸ்ட்டும் போய்விடும். ஒரு லிட்டர் என்பது இருபதில் ஐந்து விழுக்காடுதான் என்பதால், நுரை உச்சத்தில் இருக்கும்போதே மேல்நீரோடு சேர்த்தே ஊற்றிவிடுவதே என் பரிந்துரை. ஸ்டார்ட்டர் 28 பாகையில் வளர்ந்தால் பெரிய கேடில்லை. பீர் அந்த வெப்பத்தில் புளித்தால் குடிக்க முடியாது. பீரை 17 முதல் 20 பாகைக்குள் வைக்க, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய பழைய குளிர்ப்பெட்டி வேண்டும். ஊற்றுமுன் குடுவையையும் அதே பெட்டியில் சில மணி நேரம் வைத்து, இரண்டின் வெப்பத்துக்கும் இடையே ஐந்தாறு பாகைக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊற்றும்போது இருநூறு மில்லியைக் கொதிநீரில் சுத்தம் செய்த போத்தலில் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த பொட்டலத்தின் செலவு மிச்சமாகும். மூடியை இறுக்காமல், குளிர்ப்பெட்டியின் உட்புறத்தில், நாள் எழுதி வைத்து, ஒரு மாதத்துக்குள் அதை இதே முறையில் மறுபடியும் பெருக்க வேண்டும்.