புதிய பாப் ஆல்பத்தில் வலுவான பாடலையும் வலுவற்ற பாடலையும் இனம் காண்பது எப்படி?

ஒரு பாப் பாடகரின் புதிய ஆல்பம் வெளியான சில மணி நேரத்திலேயே, எது அருமை, எது சொதப்பல் என்ற பட்டியல்கள் குவிந்துவிடுகின்றன. அவற்றைப் படிக்கும் முன்பு, முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை வரிசை மாற்றாமல் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பாடல்களை எப்படி அடுக்குவது என்பதும் யோசித்து எடுக்கப்படும் முடிவுதான். பாடகி அடேல் கேட்டுக்கொண்டதை ஏற்று, 2021 நவம்பரில் இசைச் செயலியான ஸ்பாட்டிஃபை, ஆல்பம் பக்கங்களின் பிரதான பொத்தானிலிருந்து, பாடல்களை வரிசை கலைத்து ஒலிக்கச் செய்யும் ஷஃபிள் வசதியை விலக்கியது. இந்தச் சுற்றில் மதிப்பெண் எதுவும் வேண்டாம்.

இரண்டாம் முறை கேட்கும்போது, நீங்கள் பயன்படுத்தும் செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிக்கொள்ளுங்கள். சற்று உரக்க ஒலிக்கும் பாடல் மேலான பாடலாகத் தோன்றுவது காதின் இயல்பு.

அடுத்து, ஆல்பத்துக்கு முன்பே சிங்கிளாக, அதாவது தனிப் பாடலாக, வெளிவந்த பாடல்களைத் தனியே பிரித்து வையுங்கள். திரும்பத் திரும்ப எதிர்ப்படும் ஒன்றின் மீது, அதன் தரம் எப்படியிருந்தாலும், விருப்பம் கூடுகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஆகவே, சில மாதங்களாகக் காதில் ஒலித்துவரும் சிங்கிளையும் நேற்று வந்த ஒன்பதாவது பாடலையும் உடனே ஒரே தராசில் நிறுத்துவது நியாயமல்ல. புதிய பாடல்களுக்கு ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள்.

இனிதான் உண்மையான வேலை. பாடலின் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடிகள் ஒலித்தால்தான் ஒரு பாடல் கேட்கப்பட்டதாகக் கணக்காகும் என்பதால், பல்லவியின் கவர்ச்சியை முன்பகுதியிலேயே கொட்டிவிட்டு மீதியைக் காற்றில் விடும் பாடல்கள் ஏராளம். நான் முதலில் கவனிப்பது கடைசிப் பல்லவியைத்தான். முதல் முறை வந்த அதே பல்லவி அச்சுப் பிசகாமல் மறுபடி ஒட்டப்பட்டிருக்கிறதா, அல்லது ஒரு துணைக்குரல் சேர்ந்தோ, டிரம்ஸ் இரண்டு தாள அடிகளுக்கு விலகி நின்று திரும்பியோ, ஒரே ஒரு சொல் மாறியோ அதன் பொருளைக் கூட்டுகிறதா என்று பாருங்கள். அதற்கு முன்னால், வேறு மெட்டில் வரும் பிரிட்ஜ் என்ற இணைப்புப் பகுதி, கேட்பவரை வேறோர் இடத்துக்கு அழைத்துச் சென்றிருந்தால்தான், பழகிய மெட்டு திரும்பும்போது சிலிர்ப்பு ஏற்படும். பெரும்பாலான நடுத்தரப் பாடல்கள் தடுமாறுவது இங்கேதான்.

குரலையும் இதே நெருக்கத்தில் கேளுங்கள்: வரியின் கடைசி எழுத்தைப் பாடகர் எப்படி விடுகிறார், மூச்சு எங்கே கேட்கிறது, உச்சத்தில் குரல் திணறுவதைத் தயாரிப்பாளர் விட்டுவைத்தாரா, துடைத்துவிட்டாரா என்பதெல்லாம் ஹெட்ஃபோனில் தெரிந்துவிடும். 1997இல் அறிமுகமான, குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோ-டியூன் இருப்பதாலேயே ஒரு பாடலைத் தள்ளிவிட வேண்டியதில்லை; அது பாடலின் மனநிலைக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

வலுவற்ற பாடலைத் தேர்வது இன்னும் கடினம், ஏனெனில் நமக்குப் பிடிக்காததும் பலவீனமானதும் ஒன்றல்ல. அந்தப் பாடலை நீக்கிவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைத் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். எந்த இழப்பும் தெரியாவிட்டால் உங்கள் ஐயம் சரிதான். அமெரிக்காவின் ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியல் 2014 டிசம்பர் முதல், பாடல்கள் இணையத்தில் கேட்கப்படும் ஸ்ட்ரீமிங்கையும் கணக்கில் சேர்ப்பதால், பாடல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் வணிக லாபமும் உண்டு. இருபது பாடல்கள் கொண்ட ஆல்பத்தின் நடுப்பகுதியை எனவே சற்றுச் சந்தேகத்துடன்தான் அணுக வேண்டும். குறையைச் சொல்லும்போது, அது மெட்டிலா, வரிகளிலா, இசைக்கோப்பிலா என்று பிரித்துச் சொல்லுங்கள். "போர்" என்ற ஒற்றைச் சொல் யாருக்கும் பயன்படாது.

பின்னர் வெளியாகும் டீலக்ஸ் பதிப்பின் கூடுதல் பாடல்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூல ஆல்பத்தை அதன் முதல் வடிவிலேயே மதிப்பிட்டுவிட்டு, அவற்றைத் தனியாக எடைபோடுங்கள்.