ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒன்றுகூடித் தங்கள் கதையைப் பேசும் அமைப்பு. என் அண்ணன் முதன்முதலாக அந்தக் கூட்டத்துக்குப் போன அன்று வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். தேவாலய வளாகத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, வெளியே பத்துப் பன்னிரண்டு ஜோடி செருப்புகள். "மதம் மாற்றுகிற இடம் போலத் தெரிகிறது" என்றார். பலரும் முதலில் தடுக்கி விழும் கல் இதுதான். ஏ.ஏ. கூட்டங்கள் பல தேவாலய அறைகளிலும் பள்ளிகளிலும் நடக்கின்றன. மாலையில் அந்த இடங்கள் காலியாக இருக்கின்றன என்பதைத் தாண்டி அதில் ஒன்றுமில்லை. அந்த அமைப்பு எந்த மதத்தோடும் சேர்ந்ததல்ல. குடியிலிருந்து மீள அது சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும். 'நாம் புரிந்துகொண்டபடி' என்பதும் கூடவே வரும். நாத்திகர்களும் வந்து உட்காருகிறார்கள்.

உயிருக்கே உலை வைக்கும் தவறு ஒன்று உண்டு. "கூட்டத்துக்குப் போகும்போது சுத்தமாகப் போக வேண்டும்" என்று, காலையில் ஊற்றிக்கொண்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், ஒரே நாளில் அடியோடு நிறுத்துவது. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சியையும் எலியையும் பார்த்துப் பிதற்றும் நிலையும் வரலாம். கவனிக்காவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். இப்படிப்பட்டவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. கூட்டத்தில் மருத்துவரும் இல்லை, மாத்திரையும் இல்லை. அதே சமயம், குடித்திருக்கிறோமே என்று கூட்டத்துக்குப் போகாமல் இருக்கவும் வேண்டியதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் அங்கே கேட்கப்படும் தகுதி. அன்று பேசாமல் உட்கார்ந்து கேட்டால் போதும்.

பழைய முகவரியை நம்பிப் போய் ஏமாறுகிறவர்களும் உண்டு. திருவிழா, தேர்வு என்று அறை கிடைக்காமல் இடம் மாறும். கிளம்புவதற்கு முன் ஒரு போன் செய்து, இன்று கூட்டம் உண்டா, தமிழிலா ஆங்கிலத்திலா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய கூட்டத்தில் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டுமே உட்காரலாம். திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம். சேர்க்கைக் கட்டணம் கேட்டால் அது ஏ.ஏ. அல்ல. நடுவில் ஒரு பெட்டி சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம்.

குடும்பத்தார் செய்யும் தவறுகளில் முதல் குற்றவாளி நான். அண்ணனுக்குக் காவல் போல உள்ளே போக நின்றேன். மூடிய கூட்டம் என்று மரியாதையாக வெளியே உட்காரச் சொன்னார்கள். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டங்கள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. சிலர் குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலக்கிறார்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், உயிருக்கும் ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

உள்ளே போனவர் எதிர்பாராத ஒன்றும் உண்டு. அண்ணன் இரண்டாவது கூட்டத்தில் நெஞ்சைத் திறந்து பேசினார். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தது வரைக்கும் சொல்லிவிட்டார். யாரும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நன்றி" என்றார்கள், அடுத்தவர் பேசத் தொடங்கினார். "கல்நெஞ்சக்காரர்கள்" என்று வீட்டில் வந்து புலம்பினார். ஒருவர் பேசியதற்கு மற்றவர் புத்திமதி சொல்வதில்லை என்பது அங்கே வழக்கம், அதை அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. இந்த முறையின் வேரே அதுதான். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் என்ற பங்குத் தரகரும் பாப் என்ற அறுவை மருத்துவரும் தத்தம் குடிக்கதையை ஒருவருக்கொருவர் சொன்னதில் தொடங்கியதுதான் ஏ.ஏ. ஆறுதலும் தொலைபேசி எண்ணும் கிடைப்பது கூட்டம் முடிந்த பிறகு, டீ குடிக்கும்போது. முடிந்ததும் முதல் ஆளாகச் செருப்பை மாட்டுகிறவர் பாதிக் கூட்டத்தை விட்டுவிடுகிறார் என்பேன்.

ஒரே கூட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம். ஒன்றில் எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள், இன்னொன்றில் ஆட்டோ ஓட்டுநர்கள். குறைந்தது நான்கைந்து இடம் பாருங்கள். பெண்கள் பல குழுக்களில் குறைவு. போகிறவர் பெண்ணானால், வழிகாட்டியாக ஒரு பெண்ணையே தேடிக்கொள்வது நல்லது. அங்கே யாரைப் பார்த்தோம் என்பது வாசலுக்கு வெளியே வரக் கூடாது, அது நம் மேலதிகாரியாகவே இருந்தாலும்.

குடியை நிறுத்திய 47ஆம் நாள் ஒரு கல்யாண வீட்டில் அண்ணன் குடித்துவிட்டார். அதற்குப் பின் மூன்று வாரம் கூட்டப் பக்கமே போகவில்லை. குடித்ததைவிட அந்த மூன்று வாரம்தான் தவறு என்பேன். மறுநாளே போயிருந்தால் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கியிருப்பார், வேறு தண்டனை அங்கே கிடையாது. திரும்பப் போனபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தாராம்.

கூட்டம் முடியும் நேரத்தையும் வழியையும் யோசித்துவையுங்கள். டாஸ்மாக் இரவு 10 மணிவரை திறந்திருக்கிறது, கூட்டமோ எட்டு, எட்டரைக்கு முடிகிறது. எங்கள் தெரு பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் கடை. அண்ணன் இன்றும் ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறங்கி, மார்க்கெட் சந்து வழியாகச் சுற்றி நடந்து வருகிறார்.