மாருதி 800-ஐ பந்தய ட்ராக்குக்குக் கட்டும் தம்பிகளுக்கு

சேலம் கோரிமேட்டில் இருக்கிற என் பட்டறைக்குப் பழைய 800-ஐ ஓட்டி வருகிற பையன்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "அண்ணா, இன்ஜின்ல என்ன பண்ணலாம்?" ஒன்றும் பண்ண வேண்டாம். பந்தய வீரர் கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற பந்தய காருக்கு எடுத்ததும் இதே 796 சி.சி. மூன்று சிலிண்டர்தான். பந்தயம் ஓட்டிய நாளில் நானும் இன்ஜினுக்கே காசைக் கொட்டினேன். கார் கட்ட வந்த பிறகுதான் வேலையின் வரிசை புரிந்தது.

முதலில் பிரேக். ஒருமுறை ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, இருபது கொண்டை ஊசியில் பாதி தாண்டவில்லை, மிதித்த பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ ஓரம் கட்டினேன். தப்பு என்னுடையது. ஆயில் மாற்றி மூன்று வருஷம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 140-லேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் வண்டி நிற்குமா? டாட் 4 ஊற்றி, நான்கு வீலிலும் பிரேக் குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுங்கள். வேகம் பார்க்க மலை ரோட்டுக்குப் போகாதீர்கள், எதிரே பஸ் வரும். அதற்குக் கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே என்ற பந்தய ட்ராக் இருக்கிறது.

அடுத்தது கூண்டு, கார் உருண்டால் ஓட்டுகிறவனைக் காப்பாற்ற உள்ளே போடும் பைப் சட்டம். உருக்காலை இருக்கிற ஊராயிற்றே, "துருப்பிடிக்காத பைப்பிலேயே போடலாமே" என்பார்கள். கூடாது. பந்தய விதி கேட்பது தையலில்லாத கார்பன் ஸ்டீல் பைப். முதுகுக்குப் பின்னால் வரும் பெரிய வளையம் 45 மில்லி விட்டம், 2.5 மில்லி கனம். கூண்டின் கால் தரையில் உட்காரும் இடத்தில் 3 மில்லி தகடு வையுங்கள். வெறும் தரைத் தகரத்தில் ஊன்றினால் கார் உருளும்போது பொத்துக்கொண்டு போகும்.

இனி நூல் பிடிப்பது, அதாவது நூல் கட்டி வீல்கள் நேராக இருக்கிறதா என்று அளப்பது. எனக்குப் பிடித்த வேலை இது. சமதரை வேண்டும். ஓட்டுகிறவன் எடைக்குச் சீட்டில் மூட்டை வையுங்கள். என்னிடம் அதற்கென்றே ஒரு ஜவ்வரிசி மூட்டை கிடக்கிறது, சேலத்தில் வேறென்ன கிடக்கும். ஸ்டீரிங்கை நேராக வைத்துக் கட்டுங்கள். வீல் நடு மட்டத்தில் கொத்தனார் நூலை இரண்டு பக்கமும் இழுங்கள். முன் வீல் நடுவிலிருந்து இடது நூல் எவ்வளவு தூரமோ, வலது நூலும் அவ்வளவு. பின் வீலுக்கும் அப்படியே. முன் அளவும் பின் அளவும் ஒன்றாக வரவில்லையே என்று பயப்படாதீர்கள், 800-க்கு அகலமே வேறு வேறு.

முன் வீலில், ஸ்கேலை ரிம்மின் முன் விளிம்பில் வைத்து நூல் வரை அளந்து பாருங்கள், பிறகு பின் விளிம்பில். ட்ராக்குக்கு நான் முன் விளிம்பை ஒரு மில்லி வெளியே தள்ளி வைப்பேன். நேர் பாதையில் கொஞ்சம் அலையும், வளைவில் சட்டென்று மூக்கைத் திருப்பும். ஸ்டீரிங்கை வீலோடு இணைக்கும் டை ராடு இரண்டையும் சமமாகத் திருப்புங்கள், ஒன்றை மட்டும் திருப்பினால் ஸ்டீரிங் கோணிக்கொள்ளும்.

அமெரிக்காவில் பேஞ்சோ மேத்யூஸ் என்றொருவர், ஸ்டாக் கார் ஓட்டிவிட்டுக் கட்ட வந்தவர். 1978-ல் அந்த ஊர் ஸ்டாக் கார் பந்தயத் தொடரான நாஸ்கார் கோப்பையின் 30 பந்தயத்தையும் ஜெயித்தது அவர் கட்டிய கார்கள். "ஓட்டறத ஏண்ணா விட்டீங்க?" என்பவனிடம் இதைச் சொல்லிவிட்டு ஸ்கேலைக் கையில் கொடுப்பேன்.

டை ராடு லாக் நட்டை இறுக்கியதும் காரை நாலடி முன்னும் பின்னும் தள்ளி, குலுக்கி, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளங்கள். இறுக்கும்போது அரை மில்லி நகர்ந்திருக்கும்.